ஸ்போர்ட்ஸ் காலேஜ் நுழைவுத்தேர்வு எழுதப்போற கிராமத்து புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் பயிற்சி கேட்டு கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திண்டுக்கல்.

மதிப்பிற்குரிய கலெக்டர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நிலக்கோட்டை பக்கத்து கிராமத்துல இருந்து எழுதுறேன் ஐயா. பகல்ல பூ கமிஷன் கடையில வேலை, சாயங்காலம் 5 மணிக்கு மேல ஊர் புள்ளைங்களுக்கு கபடி சொல்லிக்கொடுக்குறேன், 11 வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு, யார்கிட்டயும் காசு வாங்குறது இல்ல. இப்ப 23 பேர் வர்றாங்க, அதுல 9 பேர் பொம்பளப் புள்ளைங்க. பாதிப்பேர் விடியக்காலையில மல்லி பறிச்சு கொடுத்துட்டு, குளிச்சு ஸ்கூலுக்கு போயிட்டு, அப்புறம் கிரவுண்டுக்கு வர்றவங்க. இவங்கள்ல பிளஸ் டூ படிக்கிற ஆறு பேருக்கு உடற்கல்வி டிகிரி படிச்சு பிஇடி டீச்சராவோ கோச்சாவோ வரணும்னு ஆசை. அந்த ஆசைக்கு குறுக்க நிக்கிறது இங்கிலீஷ் ஒண்ணுதான்னு நான் கண்ணால பாத்துட்டேன், அதனாலதான் இந்த மனு.

போன வருஷம் நடந்தத சொல்றேன். எங்க டீம்ல பாடிப்போறதுல கெட்டிக்காரப் பொண்ணு ஒண்ணு, வடக்க ஒரு காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டுச்சு. அப்பா அம்மா ரெண்டு பேரும் தோட்டத்துக்கு போயிட்டாங்க, தானே பிரவுசிங் சென்டர்ல உக்காந்து ஃபில் பண்ணியிருக்கு. அதுல டிசிப்ளின்னு ஒரு கட்டம். டிசிப்ளின்னா ஒழுக்கம்னுதான ஸ்கூல்ல சொல்லிக்கொடுத்திருக்கோம், அது குட்னு அடிச்சிருச்சு. ஸ்போர்ட்ஸ் ஃபார்ம்ல டிசிப்ளின்னா நீ என்ன விளையாட்டுன்னு அர்த்தம், கபடின்னு போட்டிருக்கணும். ஃபார்ம் திரும்பி வந்துச்சு, சரி பண்றதுக்குள்ள கடைசி தேதி போயிருச்சு. அது கிரவுண்டுக்கு வந்து எதுவும் பேசல, லைன் ஓரமா உக்காந்து முழங்கால் பட்டைய சுத்துறதும் அவுக்குறதுமா இருந்துச்சு, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல ஐயா.

அதுக்கு அப்புறம் நானே பழைய கேள்வித்தாள் எல்லாம் தேடி எடுத்து ஒரு டிரையல் டெஸ்ட் வச்சேன். ஓடிக்கிட்டு இருக்கும்போதே சட்டுனு திசை மாத்துற திறமைக்கு பேர் என்னன்னு ஒரு கேள்வி, அஜிலிட்டி, எண்டூரன்ஸ், ஃப்ளெக்ஸிபிலிட்டி, ஸ்ட்ரெங்த்னு நாலு ஆப்ஷன், சரியான பதில் அஜிலிட்டி. ஆறு பேர்ல அஞ்சு பேர் ஸ்ட்ரெங்த்னு போட்டிருக்காங்க, ஏன்னு கேட்டா அந்த ஒரு வார்த்தைதான் எங்களுக்கு தெரிஞ்சதுன்றாங்க. முந்தின நாள் சாயங்காலம்தான் அதுல ஒருத்தன் மூணு பேர் பிடியில இருந்து இடுப்ப ஒரு வெட்டு வெட்டி திரும்பி நடுக்கோட்டத் தொட்டுட்டு வந்தான், அவன் உடம்புக்கு தெரிஞ்ச பதில் பேப்பர்ல வரல. இன்னொரு கேள்வி, கபடி கபடின்னு விடாம சொல்றதுக்கு ரூல் புக்ல என்ன பேர்னு. நாங்க பாடுறதுன்னுதான் சொல்வோம், ரூல் புக்ல அது கேண்ட். அது எவனுக்குமே தெரியல. இது பாருங்க ஐயா, நம்ம சடுகுடு, 1990 பெய்ஜிங் ஆசியப் போட்டி வரைக்கும் போன விளையாட்டு, நம்ம புள்ளைங்களே அதுல மார்க் விட்டுட்டு வர்றாங்க.

2022ல இருந்து மத்திய பல்கலைக்கழகங்கள்ல டிகிரி சேர்றதுக்கு சியூஇடின்னு ஒரு பொது நுழைவுத்தேர்வு வந்திருக்கு, அதுல உடற்கல்விக்கே தனி பேப்பர் இருக்கு. 13 மொழியில எழுதலாம், தமிழும் உண்டு, அது நல்ல விஷயம்தான், நான் மறுக்கல. ஆனா எங்க புள்ளைங்க பிளஸ் டூல உடற்கல்விய பரீட்சைப் பாடமா படிச்சதே கிடையாது, படிக்கணும்னு தேடுனா கைக்கு கிடைக்கிற புக்கு, வீடியோ எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு, இல்ல ஹிந்தியில இருக்கு. 1957ல ஆரம்பிச்ச குவாலியர் லட்சுமிபாய் உடற்கல்வி நிறுவனத்துக்கு போகணும்னாலும், டிகிரி முடிச்சு பாட்டியாலாவுல இருக்குற தேசிய விளையாட்டு நிறுவனம் என்ஐஎஸ்ல கோச் டிப்ளமோ பண்ணணும்னாலும் இங்கிலீஷ் கேள்வியப் படிச்சு புரிஞ்சுக்கத் தெரியணும். எப்படியோ உள்ள போயிட்டாலும் முதல் வருஷமே அனாடமி, பிசியாலஜின்னு உடம்போட அமைப்பு, இயக்கம் பத்தின பாடமெல்லாம் இங்கிலீஷ்ல வந்து நிக்கும், அதுல பயந்து பாதியில திரும்பி வந்தவங்க எங்க ஏரியாவுலயே ரெண்டு பேர் இருக்காங்க. நானும் 2004ல பிளஸ் டூ முடிச்சுட்டு இங்கிலீஷ் பேப்பர் பயத்துலயே அப்ளிகேஷன் போடாம விட்டவன்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல சேத்துவிட வேண்டியதுதானன்னு கேப்பாங்க. சேத்துவிட்டு பாத்தோம் ஐயா. ஏர்போர்ட்ல எப்படி பேசுறது, ஹோட்டல்ல எப்படி ஆர்டர் பண்றதுன்னு நடத்துனாங்க, காலையில நாலு மணிக்கு எந்திரிச்ச புள்ளைங்க உக்காந்த இடத்துலயே தூங்கிருச்சு. இவங்களுக்கு வேண்டியது அந்த இங்கிலீஷ் இல்ல. ஒரு நானூறு ஐநூறு விளையாட்டு வார்த்தை, கேள்வியில நாட்னு ஒரு வார்த்தை வந்தா பதில் தலைகீழா மாறும்ன்ற விவரம், ஒரு பாராவ படிச்சு கருத்து எடுக்குற பழக்கம், இவ்ளோதான்.

எனக்கு தெரிஞ்ச அளவுக்கு ஒண்ணு செஞ்சு பாத்தேன். கோடு போடுற சுண்ணாம்புப் பொடியாலேயே தரையில அஜிலிட்டி, பேலன்ஸ், ஸ்பீடுன்னு இங்கிலீஷ்ல பெருசா எழுதி, அந்தந்த வார்த்தை மேல நின்னு அந்தந்த டிரில்ல செய்யச் சொன்னேன். கபடியில பாடிப்போற ஒரு ரெய்டுக்கு 30 செகண்ட்தான, அதே 30 செகண்ட்ல ஒரு கேள்விய சத்தமா படிச்சு முடிக்கணும், முடிக்கலன்னா அவுட்டு. மூணு வாரத்துல 60 வார்த்தை வந்துருச்சு. ஸ்பெல்லிங்கோட எழுதுறாங்க. ஆனா எனக்கே அதுக்கு மேல தெரியல, உச்சரிப்பு சரியா தப்பான்னு கேக்கக்கூட ஆள் இல்ல.

அதனால உங்ககிட்ட கேக்குறது என்னன்னா, பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி இங்கிலீஷ் டீச்சர் ஒருத்தரும் உடற்கல்வி ஆசிரியர் ஒருத்தரும் சேந்து வாரத்துல ரெண்டு நாள் ஒரு மணி நேரம், முடிஞ்சா கிரவுண்டுலயே வச்சு, இந்த நுழைவுத்தேர்வு இங்கிலீஷ நடத்துறதுக்கு உத்தரவு போடணும், அவங்களுக்கு அதுக்கு ஒரு மதிப்பூதியமும் கொடுக்கணும், சும்மா வேலை வாங்குறது நியாயமில்ல. ஸ்கூல்ல இருக்குற ஹைடெக் லேப மாசத்துல ரெண்டு சனிக்கிழமை எங்களுக்கு தொறந்துவிடணும். கம்ப்யூட்டர்ல பரீட்சை எழுதுறப்போ சேவ் அண்ட் நெக்ஸ்ட் அமுக்கணும், மார்க் ஃபார் ரிவ்யூன்னா என்னன்னு தெரியணும், தப்பா போட்டா மைனஸ் மார்க் உண்டுன்னு புரியணும், இதெல்லாம் எங்க புள்ளைங்க பரீட்சை ஹால்ல போயிதான் முதல் தடவையா பாக்குறாங்க. அப்புறம் எந்த காலேஜுக்கு எப்ப அப்ளிகேஷன்னு தமிழ்ல ஒரு நோட்டீஸ் அடிச்சு, ஃபார்ம்ல வர்ற வார்த்தைக்கு எல்லாம் அர்த்தத்தோட, மாவட்ட விளையாட்டு அலுவலகம் மூலமா கிராமத்து டீமுங்களுக்கும் அனுப்பணும். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல இருக்குற புள்ளைங்களுக்கு சொல்ல ஒருத்தராவது இருப்பாங்க, எங்களுக்கு யாரும் சொல்றது இல்ல.

அந்தப் பொண்ணு இந்த வருஷம் மறுபடி அப்ளை பண்ணப்போகுது. புள்ளைங்க எழுதுன ஆறு டிரையல் டெஸ்ட் பேப்பரையும், நான் எழுதி வச்ச 60 வார்த்தை லிஸ்டையும் இதோட சேத்து வச்சிருக்கேன். வர்ற திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு பசங்களையும் கூட்டிட்டு நேர்ல வர்றோம், ஒரு அஞ்சு நிமிஷம் அவங்ககிட்ட பேசிப் பாருங்க ஐயா.

இப்படிக்கு,
கபடி பயிற்சியாளர் மற்றும் பிள்ளைகளின் பெற்றோர்,
நிலக்கோட்டை வட்டம்.