டோஃபுவுக்குத் தயிர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த டோஃபு (சோயா பாலில் செய்யும் பன்னீர்) டிக்கா குறிப்பைப் படித்தேன். பன்னீருக்குச் செய்வது போலவே கெட்டித் தயிரில் மசாலா கலந்து ஊறவைக்கச் சொல்லியிருந்தார்கள். என் மகனுக்குப் பால் சேர்ந்த எதுவும் ஒத்துக்கொள்ளாது. நாங்கள் டோஃபு வாங்குவதே அதனால்தான். அதன் மேல் தயிரைப் பூசச் சொன்னால் எங்களைப் போன்ற வீடுகளில் என்ன செய்வது?

தயிர் இல்லாமலேயே மேலே மொறுமொறுவென்று, உள்ளே மெத்தென்று வரும். டோஃபுவில் தண்ணீர் அதிகம். அது வெளியேறாதவரை எந்த மசாலாவும் உள்ளே இறங்காது. கெட்டி டோஃபுவைத் துண்டு போட்டு, நல்ல உப்புக் கரிக்கும் வெந்நீரில் கால் மணி நேரம் போட்டுவைத்து, துணியில் ஒற்றி எடுத்தால் உப்பும் ஏறும், மேல்ஈரமும் குறையும்.

அப்புறம் பூச்சு. 200 கிராம் டோஃபுவுக்கு இரண்டு தேக்கரண்டி கடலை எண்ணெய், மஞ்சள்தூள், மிளகுத்தூள், சீரகத்தூள் சேர்த்து முதலில் பிசிறிவிட வேண்டும். அதன் பிறகுதான் மாவு: கார்ன்ஃபிளார் ஒரு மேசைக்கரண்டி, அரிசி மாவு ஒரு மேசைக்கரண்டி. குலுக்கிவிட்டுப் பாருங்கள், எங்கேயும் வெள்ளையாக மாவு தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் சில சொட்டு எண்ணெய் விடுங்கள். உலர்ந்து நிற்கும் மாவு எவ்வளவு நேரம் வெந்தாலும் பச்சை வாசனை அடிக்கும். கடலை மாவு எனக்குப் பிடிக்காது. எண்ணெயில் பொரித்தால் பஜ்ஜிபோல் வரும், ஓ.டி.ஜி.யில் (வீட்டு மின் அடுப்பு, ஓவன்) வறட்டிபோல் இறுகிவிடும்.

துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் தட்டில் பரப்பி, ஓ.டி.ஜி.யில் 200 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம். பாதியில் ஒரு தடவை திருப்பிவிட்டால் போதும். ஒட்டிக்கொண்டிருந்தால் ஆவியில் அவிந்து தொளதொளத்துப் போகும்.

இட்லிப் பொடியை மட்டும் தயவுசெய்து வெளியே எடுத்த பிறகு தூவுங்கள். ஏற்கெனவே வறுத்து அரைத்த மிளகாய் அந்தச் சூட்டில் கருகி, வீடு முழுக்க நெடி ஏறும். சூட்டோடு பொடியைப் போட்டு, மேலே ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் மகன் வேறெதுவும் கேட்பதில்லை.

இனி டோஃபு குறிப்பு வெளியிடும்போது, பால் சேர்க்காத முறை ஒன்றையும் கூடவே தாருங்கள். சூடு எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்பதையும் போடுங்கள். ‘பொன்னிறமாகும் வரை’ என்று மட்டும் சொன்னால் புதிதாக ஓ.டி.ஜி. வாங்கியவர்களுக்குப் புரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிங்காநல்லூர், கோவை.