சும்மா கிடக்கும் தறியை எங்களுக்குக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். துணி என்றால் எனக்கு மீட்டர், விலை, ஜி.எஸ்.டி., அவ்வளவுதான். நாற்பதைத் தாண்டிய பிறகு சென்னிமலையில் ஒரு நெசவாளர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் தறி பழக ஆரம்பித்தேன். அதை வைத்துத்தான் உங்களிடம் ஒன்று கேட்க வந்திருக்கிறேன். உங்கள் சங்கத்தில் ஆள் இல்லாமல் கிடக்கிற தறிகளில் ஒன்றை, என்னைப் போன்ற வெளியாட்கள் கட்டணம் கட்டிப் பழக ஒரு பழகுதறியாக ஒதுக்குங்கள். அந்தப் பணம் சொல்லித்தருகிற நெசவாளருக்குப் போகட்டும்.

சோறு போடாத தொழிலைப் பொழுதுபோக்காகப் பழகி என்ன ஆகப் போகிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எனக்குச் சொல்லிக்கொடுக்கிற அண்ணனிடம், "தறியில் உட்கார்ந்தால் மனசு லேசாகுதுங்கண்ணா" என்று ஒருநாள் சொன்னேன். குறுக்கு நூல் சுற்றிய தாரை மாற்றிக்கொண்டே, "உங்களுக்குச் சம்பளம் வேற எடத்துல வருதுல்லீங்க அம்மணி" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு நெசவுக் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே என்று வந்தது. அந்த வருமானத்தில் இருப்பவரிடம் போய் நெசவின் மகத்துவத்தைப் பேசினால் அவர் சிரிக்காமல் என்ன செய்வார்?

ஆனாலும் அதே அண்ணன் நடுவில் கொஞ்ச காலம் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர். கூலி அங்கேதான் அதிகம். ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "பவர் டேபிள் தையல் மெஷின்ல நாள் முழுக்கச் சட்டைக் கை மட்டும் மூட்டுவேனுங்க. முழுச் சட்டையை நான் பார்த்ததே இல்லை" என்றார். தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், பிணைப்பதில் தொடங்கித் துணியை அறுத்து எடுப்பது வரை அவர் கண்ணெதிரே நடக்கிறது. எங்கே அழுத்தி அடித்தோம், எங்கே கை தளர்ந்தது என்பது துணியிலேயே தெரியும். கூலி குறைவு என்று புலம்புகிற அதே மனிதர், கரை நேராக வந்த துண்டை விரித்து வைத்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் மடிக்கிறார். இரண்டுமே உண்மை. மேடைகளில் முதலாவதைப் பற்றி மட்டும் பேசுகிறோம், விளம்பரங்களில் இரண்டாவதை மட்டும் காட்டுகிறோம்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். குழித்தறியில் உட்கார்ந்தால் இரண்டு காலும் குழிக்குள் மிதியில். ஒரு கை கயிற்றை இழுத்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாவை விட, இன்னொரு கை அந்த நூலை நெருக்கும் அச்சுப் பலகையைப் பிடித்து அடிக்க. கண் பாவின் மேல். போனை எடுக்க மிச்சமாக ஒரு கைகூட இல்லை! இதைத் தியானம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். தியானத்தில் இடுப்பு இப்படி விண்விண்ணென்று தெறிக்காது.

இழை அறுந்தால்தான் தறியின் சுபாவமே புரியும். கோடைக் காற்றில் நூல் உலர்ந்து படபடவென்று அறுகிறது. குழியின் ஈரம் ஓரளவு காப்பாற்றும், அவ்வளவுதான். அறுந்த இழையைக் கவனிக்காமல் ஓட்டினால் துணியில் நீளமாக ஒரு கோடு விழுந்துகொண்டே போகும். உடனே நிறுத்த வேண்டும். நூற்றுக்கணக்கான இழைகளுக்கு நடுவே அந்த ஒன்றைத் தேடிப் பிடித்து, பாவு இழைகளை ஏற்றி இறக்குகிற விழுதின் கண்ணில் நுழைத்து, சீப்புப் போன்ற அச்சில் அதற்கு உரிய பல்லில் இழுத்து, விரலில் துளி சாம்பல் தொட்டுப் பிணைக்க வேண்டும். பக்கத்துப் பல்லில் நுழைத்தால் தறி ஒன்றும் சொல்லாது, துணிதான் காட்டிக்கொடுக்கும். கணக்கில் ஒரு பைசா உதைத்தால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுகிற வழிகள் எனக்குத் தெரியும். இங்கே தள்ளிப்போட இடமே இல்லை. பகல் முழுக்கத் திரையில் எண்களை நகர்த்துகிற எனக்கு, கையால் தொட்டுச் சரிசெய்யக்கூடிய ஒரு வேலை கிடைத்தது பெரிய ஆறுதல். நாலு முழத் துண்டு ஒன்றை நெய்து அறுத்து எடுத்த அன்று, இத்தனை வருடம் நான் எழுதிய எந்தக் கணக்கும் அப்படி ஒரு நிறைவைத் தரவில்லை என்று தோன்றியது.

இப்படி ஆசைப்படுவது நகரத்துக்காரர்களின் புது மோகமும் இல்லை. அறுபது தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பள்ளிக்கூடத்தில் நூல் நூற்கும் தக்ளி சுற்றியதைச் சொல்வார்கள். கைத்தொழில் வகுப்பும் நெசவு ஆசிரியரும் இருந்த பள்ளிகள் இருந்தன. தொழிலோடு சேர்த்துப் படிப்பு என்று காந்தி 1937-இல் வார்தாவில் முன்வைத்த யோசனையின் சாயல் அது. அப்புறம் அந்த வகுப்புகள் மெல்ல மறைந்தன. பாவு விரித்துக் கஞ்சி போட ஊருக்குப் பொதுவாக இருந்த பாவடிகளும் எங்கள் பக்கத்தில் பல இடங்களில் வண்டி நிறுத்தும் இடமாகிவிட்டன. தறியைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் சென்னிமலைப் போர்வையிலும் பவானி ஜமக்காளத்திலும் படுத்துத் தூங்குகிறார்கள். அவர்களுக்குக் கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், ஜமக்காளம் உட்பட 11 ரகங்களை இன்றைக்குக் கைத்தறிக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிற 1985-ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் எப்படிக் காப்பாற்றும்? ஒரு மணி நேரம் தறியில் உட்கார்ந்து எழுந்தவர் கைத்தறித் துண்டுக்குப் பேரம் பேச மாட்டார். நான் பேசுவதில்லை.

சொல்லித்தருகிறவருக்குக் கூலி என்று எழுதும்போது அவர் மனைவியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் போகிற வீட்டில் தார் சுற்றுவதும் அறுந்த இழையை என்னைவிட வேகமாகக் கண்டுபிடிப்பதும் அக்காதான். நாட்டில் கைத்தறி வேலை செய்கிற சுமார் 35 லட்சம் பேரில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. ஆனால் நான் பார்த்த வீடுகளில் கூலி ஆண் பேரில் ஒரே தொகையாகத்தான் வருகிறது. பழகுதறியின் கட்டணம் இரண்டு பேர் கையிலும் தனித்தனியாகப் போகட்டும்.

நூல் வீணாகும் என்பீர்கள். ஆகும். அதன் விலையைக் கட்டணத்தில் சேர்த்துவிடுங்கள். நாங்கள் நெய்கிற கோணல் துண்டுகளைச் சங்கத்தின் முத்திரையோடு விற்க வேண்டாம், நாங்களே வாங்கிக்கொள்கிறோம். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறி வேலை நின்றுபோகும் வீடுகளுக்கு, சங்கத்தின் மேட்டுத் தரையில் நடக்கிற வகுப்பு ஒரு சின்ன வரும்படியாகவும் இருக்கும்.

ஒவ்வோர் ஆகஸ்ட் 7-ஆம் தேதியும் தேசியக் கைத்தறி நாள் கொண்டாடுகிறோம், மூத்த நெசவாளர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அந்தப் பொன்னாடை எந்தத் தறியில் ஓடியது என்று கேட்காமல் இருப்பதே மரியாதை. அடுத்த ஆகஸ்டுக்குள் ஒரே ஒரு சங்கமாவது ஒரு பழகுதறியைப் போடட்டும். வரவு செலவுப் புத்தகத்தை நான் எழுதித்தருகிறேன், அதற்குச் சம்பளம் வேண்டாம். மாதா மாதம் அண்ணனுக்கு எவ்வளவு, அக்காவுக்கு எவ்வளவு என்பது மட்டும் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து தறி பழக வருகிற ஒருத்தி