இரட்டை வால் விமானத்தைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு, மலாயாவின் பேராக்கில் இருந்த எங்கள் தோட்டத்துக்கு உயிரோடு திரும்பிய சிலரில் என் தாத்தாவும் ஒருவர். 1945 தொடக்கத்தில் சயாமில் அந்தப் பாதை ஓடும் காஞ்சனபுரிப் பக்கம் தலைக்கு மேல் வந்த விமானத்துக்கு அவர் ஒரே அடையாளம்தான் சொல்வார்: "அதற்கு இரண்டு வால்." வீட்டில் யாரும் நம்பியதில்லை. பசி மயக்கத்தில் ஒன்று இரண்டாகத் தெரிந்திருக்கும் என்று என் அப்பாவே சிரித்திருக்கிறார்.

முதல் நன்றி, ஈப்போவில் ஓய்வுபெற்று வாழும் விமானப் பொறியாளர் அண்ணனுக்கு. தாத்தாவின் பேச்சைப் பதிந்திருந்த கேசட்டை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் ஒரு படத்தை என் முன் வைத்தார். நான்கு எஞ்சின், பின்பக்கம் குறுக்குச் சிறகின் இரு முனைகளிலும் முட்டை வடிவத்தில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு தகடுகள். பி-24 லிபரேட்டர் என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். "தாத்தாவுக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது, தம்பி" என்றார். அன்று தொடங்கிய தேடல்தான் இந்தச் சிறு நூலாகியிருக்கிறது.

அமெரிக்க விமானப்படையின் 7வது குண்டுவீச்சுக் குழுவில் மெக்கானிக்காக இருந்தவரின் மகள், முன்பின் தெரியாத எனக்குத் தன் தந்தையின் கடிதங்களை நகலெடுத்து அனுப்பினார். தபால் செலவைக்கூட வாங்க மறுத்துவிட்டார். அந்தக் குழுவின் கதை எவ்வளவு அலைச்சல் நிறைந்தது என்று அந்தக் கட்டைப் பிரித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1941 டிசம்பர் 7 காலை அவர்களுடைய பி-17 விமானங்கள் ஆறு, துப்பாக்கிக்குத் தோட்டா இல்லாமல் கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய்க்கு வந்து சேருகின்றன. கீழே பேர்ள் துறைமுகம் எரிந்துகொண்டிருக்கிறது. அவற்றில் ஒன்று வேறு வழியில்லாமல் காஹுகு கோல்ஃப் மைதானத்தில் இறங்கியது. அடுத்த சில வாரங்களில் ஜாவா. அதுவும் கைவிட்டுப் போனதும் இந்தியா. மெதுவாக பி-17 போய் பி-24 வந்தது. 1944 செப்டம்பரில் இமயமலைக்கு மேலே சீனாவுக்குப் பெட்ரோல் சுமக்கும் வேலையும் இவர்கள் தலையில் விழுந்தது. எங்கும் பெட்ரோல் வாடை, ஒரு சிகரெட்கூடப் பற்றவைக்க முடியவில்லை என்று மெக்கானிக் புலம்பிய கடிதத்தை நூலில் அப்படியே சேர்த்திருக்கிறேன்.

வங்காளத்தின் நிலக்கரிப் பகுதியில் உள்ள பாண்டவேஸ்வர்தான் இவர்களின் முக்கியத் தளம். அங்குள்ள பள்ளி ஆசிரியர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெயிலில் நடந்து, எஞ்சியிருக்கும் ஓடுதளக் காங்கிரீட்டைப் படமெடுத்து அனுப்பினார். வெடிப்புகளில் புல், ஓரத்தில் ஒரு ஆடு. அவருக்கு நான் இனிப்புப் பெட்டி ஒன்று கடன்பட்டிருக்கிறேன். அங்கிருந்து காஞ்சனபுரி நேர்கோட்டில் 1,600 கிலோமீட்டருக்கு மேல். போய்வரப் பத்து மணி நேரத்துக்கும் கூடுதல்.

ரயில் பாலத்தைக் குண்டு வீசி அடிப்பது ஏன் அவ்வளவு கடினம் என்று எனக்கு விளக்கியவரும் ஈப்போ அண்ணன்தான். வானிலிருந்து பார்த்தால் பாலம் ஒரு நூல். அதற்காகவே இந்தக் குழுவின் 493வது அணி, 1944 கடைசியிலிருந்து பர்மாப் பாலங்களின் மேல் ஏஸான் என்ற புதுவகைக் குண்டை வீசியது. வால் நுனியில் தீப்பொறி எரியும். மேலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே வானொலி அலையால் இடதும் வலதுமாகத் திருப்பலாம். முன்னும் பின்னும் நகர்த்த முடியாது. பாலத்தின் நீளவாக்கில் வந்து போட்டால் அதுவே போதும். சயாமின் ரயில் பாதைகளையும் பாலங்களையும் 1945 மார்ச் 19 அன்று தாக்கியதற்காகக் குழுவுக்குச் சிறப்புப் பாராட்டு கிடைத்தது.

தாத்தா பார்த்தது இவர்களைத்தான் என்று முதல் படியில் அடித்துச் சொல்லியிருந்தேன். பிரிட்டிஷ் விமானப்படையும் அதே லிபரேட்டர்களில் அங்கே வந்தது என்று காட்டி, அந்தப் பக்கத்தையே நீக்கவைத்த கோலாலம்பூர் நண்பருக்கு, அன்று வந்த கோபம் தணிந்த பிறகு, நன்றி. காஞ்சனபுரிப் பாலத்தை உடைத்தது யார் என்று இரு தரப்பும் இன்னும் உரிமை கோருகின்றன. தாத்தாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. குண்டு விழுந்த இரவே கூடையையும் மண்வெட்டியையும் கையில் கொடுத்துத் தண்டவாளத்தைச் சரிசெய்ய விரட்டினார்கள் என்பதுதான் அவர் நினைவில் நின்றது.

பெயர் வேண்டாம் என்று சொன்ன ஓர் அம்மாவுக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். அவருடைய தந்தை சயாமிலிருந்து திரும்பவில்லை. நான் கொடுத்த கைப்படியைப் படித்துவிட்டு, "பாலத்துக்குப் பக்கத்திலேயே கைதிகளையும் கூலிகளையும் குடிவைத்திருந்தார்களே, அவர்கள் மேல் விழுந்த குண்டை எங்கே எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டார். எழுதவில்லைதான். 1944 நவம்பர் 29 அன்று காஞ்சனபுரிப் பாலத்தருகே இருந்த தாமர்க்கான் கைதி முகாமில் குண்டு விழுந்து போர்க் கைதிகள் இறந்ததைப் பற்றிய அத்தியாயம் அவரால்தான் வந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையும் கிடையாது, பெயர்ப் பட்டியலும் கிடையாது. அதை முன்னுரையிலேயே எழுதிவிட்டேன்.

காஞ்சனபுரியில் பாலத்துக்கடியில் படகை நிறுத்தி, வளைந்த பழைய இரும்புச் சட்டங்களுக்கு நடுவே கோண வடிவில் நிற்கும் இரண்டு புதிய சட்டங்களைக் காட்டிய படகோட்டிக்கும் நன்றி. போருக்குப் பின் பொருத்தியவை அவை.

கடைசியாக, கேசட்டை எழுத்தாக்கிய என் அக்காள் மகளுக்கு. தாத்தாவின் இருமலையும் அடைப்புக்குறிக்குள் விடாமல் குறித்திருக்கிறாள். அச்சகத்தார் நீக்கச் சொன்னார்கள், நான் நீக்கவில்லை.