இரவில் விழித்திருக்கும் என் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

குழந்தை இரவில் அடிக்கடி எழுந்து அழுகிறாள், பால் கொடுத்துத் தோளில் போட்டுத் தட்டுகிற நேரமெல்லாம் கைப்பேசியை வெறுமனே தள்ளிக்கொண்டிருக்கிறேன், விடிந்தால் ஒன்றும் நினைவில் இல்லை, எரிச்சல்தான் மிச்சம் என்று போன வாரம் சொன்னாய். உருப்படியான தொடர்கள் நாலைந்து சொல்லச் சொன்னாய். போனில் சொன்னால் பாதியைக் குழந்தையின் அழுகை விழுங்கிவிடும். அதனால் எழுதி அனுப்புகிறேன். நீ பிள்ளை பெற்ற உடம்புக்காரி. எதைப் பார்க்கலாம் என்பதோடு, எதை இப்போது தொடக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

முதலில் "அயலி". மற்ற எதற்கும் நேரம் இல்லாமல் போனாலும் இதை மட்டும் பார்த்துவிடு. முத்துக்குமார் இயக்கியது, 2023 ஜனவரி 26 அன்று ஜீ5 தளத்தில் வந்தது. மொத்தம் எட்டே எபிசோட். வந்தபோதே உன்னிடம் சொன்னேன். அப்போது உனக்கு அலுவலகத்தில் வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

கதை நம் புதுக்கோட்டைச் சீமையில், 1990இல் நடக்கிறது. வீரப்பண்ணை என்று ஒரு கற்பனை ஊர். பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் அத்தோடு படிப்பு நின்றுவிட வேண்டும், கல்யாணம் நடக்க வேண்டும், ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மீறினால் அயலி என்கிற தெய்வம் ஊரையே அழித்துவிடும் என்று நம்புகிறார்கள். எட்டாம் வகுப்பு படிக்கும் தமிழ்ச்செல்விக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை. அந்த ஊரில் எந்தப் பெண்ணும் பத்தாம் வகுப்பைப் பார்த்ததே இல்லை. அவள் பெரியவளாகிறாள். யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். இவ்வளவு போதும், மீதியை நீ பார்த்துக்கொள்.

இதை நான் ஏன் இப்படி வற்புறுத்துகிறேன் என்றால், அந்த 1990இல் நான் இதே மாவட்டத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். ஒன்பதாம் வகுப்பின் வருகைப் பதிவேடு என் கையில் இருந்தது. ஜூன் மாதத்தில் பெண்கள் பெயர் வரிசையாக இருக்கும். காலாண்டு விடுமுறை முடிந்து திரும்பினால் இரண்டு பெயர்களுக்கு நேரே சிவப்பு மையில் கோடு விழும், அரையாண்டு முடிந்தால் இன்னும் இரண்டு. காரணம் எழுதுகிற இடத்தில் தலைமையாசிரியர் ஒன்றும் எழுத மாட்டார். எல்லோருக்கும் தெரிந்ததுதானே. ஒரு பிள்ளையின் வீட்டுக்கு நானே போனேன். வாசலில் பச்சை ஓலைக் குடிசை கட்டி உள்ளே உட்கார்த்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் அவளுக்கென்று தனித் தட்டு, தனிச் செம்பு. என்னைக் கண்டதும் அவள் கேட்ட ஒரே கேள்வி, "டீச்சர், கணக்குப் பரீட்சை என்றைக்கு?" அவளுடைய அம்மா எனக்கு மோர் கொடுத்தார், நன்றாகப் பேசினார். ஆனால் பள்ளிக்கூடத்தைப் பற்றிய பேச்சு எழுந்தபோதெல்லாம் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்த அம்மாவின் முகத்தைத்தான் நான் குருவம்மாளிடம் பார்த்தேன். தமிழ்ச்செல்வியின் தாய். அனுமோல் நடித்திருக்கிறார். தொடரின் உயிரே அவர்தான் என்பேன். மகளாக வரும் அபி நட்சத்திராவைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பிள்ளையின் துறுதுறுப்புக்கு அந்தப் பாராட்டு தகும். ஆனால் குருவம்மாள் மாறுவது இருக்கிறதே, அது லேசில் காட்டக் கூடிய காரியம் இல்லை. தெய்வத்துக்குப் பயம், ஊருக்குப் பயம், புருஷனுக்குப் பயம் என்று வாழ்ந்த ஒருத்தி, மகளின் ரகசியத்தைத் தானும் சேர்ந்து சுமக்கத் தொடங்குகிறாள். அதற்காக அவள் மேடை ஏறி எதையும் முழங்குவதில்லை. அடுப்படியிலும் கிணற்றடியிலும்தான் அவளுடைய மாற்றம் நடக்கிறது. கடைசி எபிசோடில் வசனம் கொஞ்சம் கூடிவிட்டது என்பது என் எண்ணம். இருந்தாலும் அங்கே வரும்போது அவர்கள் எதைச் சொன்னாலும் கேட்கிற நிலையில் நாம் இருப்போம்.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். டாக்டராக ஆசைப்பட்ட புதுக்கோட்டைப் பெண் என்றதும் எனக்கு முத்துலட்சுமி ரெட்டி ஞாபகம் வந்தார். 1886இல் இதே புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் இடம் வாங்கிச் சேர்ந்த முதல் பெண். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டராக வெளியே வந்தார். அவர் டாக்டராகி எண்பது வருடம் ஆகப்போகிற காலத்திலும் எங்கள் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதே தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்துக்கு வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்துப் படிக்க வந்த பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் கல் உடைத்த பெண்கள், வயலில் நாற்று நட்ட பெண்கள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாயங்காலம் சைக்கிள் ஓட்டியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீ அப்போது பிறக்கவில்லை. "அயலி"யைப் பார்க்கும்போது இதையும் மனத்தில் வைத்துக்கொள். இது ஏதோ புராண காலத்துக் கதை என்று உனக்குத் தோன்றிவிடக் கூடாது. என் பேத்தியின் பாட்டி வேலை பார்த்த காலம் அது.

அடுத்து, நடுராத்திரிக்கு ஏற்றது "தலைவெட்டியான் பாளையம்". பெயரைக் கேட்டுப் பயப்படாதே, வெட்டும் குத்தும் ஒன்றும் இல்லை. 2024 செப்டம்பரில் அமேசான் பிரைமில் வந்தது. எட்டு எபிசோட். நகரத்தில் வளர்ந்து பொறியியல் படித்த ஒரு பையன், வேறு வேலை கிடைக்காமல் திருநெல்வேலிப் பக்கத்து கிராமத்துக்குப் பஞ்சாயத்துச் செயலாளராக வந்து சேர்கிறான். அவ்வளவுதான் கதை. குழந்தை நடுவில் அழுதாலும் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியிருக்காது. இந்தியில் வந்த "பஞ்சாயத்" தொடரைத்தான் தமிழில் எடுத்திருக்கிறார்கள். இரண்டையும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நிதானத்தில் இந்தியில் வந்ததுதான் ஒரு படி மேல். ஆனால் தமிழில் பார்க்கும்போது கிடைக்கிற நெருக்கம் வேறு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், பெயருக்குப் பஞ்சாயத்துத் தலைவியாக மனைவி இருக்க, வேலையெல்லாம் கணவர் பார்ப்பது. தமிழ்நாட்டில் 2016இல் உள்ளாட்சியில் பெண்களுக்கு ஐம்பது சதவீத இடம் என்று சட்டம் செய்தார்கள். பலகையில் பெண்ணின் பெயர், நாற்காலியில் கணவர் என்கிற காட்சியை இங்கே எத்தனையோ ஊர்களில் பார்க்கலாம். தலைவியாகத் தேவதர்ஷினி, அவருடைய கணவராகச் சேத்தன். நிஜ வாழ்க்கையிலும் அவர்கள் கணவன் மனைவிதான். இயக்கியவர் நாகா. இந்த மூன்று பெயரையும் ஒன்றாகப் பார்த்ததும் உன் அப்பா, "அடடா, இது கருப்பு கோஷ்டி" என்றார்.

ஆமாம், இந்த மூவரும் முன்பு சேர்ந்து வேலை செய்த "விடாது கருப்பு" தொடரைத்தான் சொன்னார். நீ அதைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். பார்த்திருக்கிறாய், என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு காதால் மட்டும் பார்த்தாய். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் என் மடியை விட்டு இறங்க மாட்டாய். தொண்ணூறுகளின் பின்பாதியில் சன் டிவியில் வந்த "மர்மதேசம்" வரிசையில் ஒன்று அது. கதை இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா, தயாரிப்பு பாலசந்தரின் கவிதாலயா. ஊரில் தப்பு செய்கிறவர்களைக் கருப்பசாமி குதிரையில் வந்து தண்டிக்கிறது என்று ஊர் நம்புகிறது. செய்வது சாமியா, ஆளா என்பதுதான் முடிச்சு. அந்த முடிச்சை அவிழ்க்கும் இடத்தில் மனித மனத்தைப் பற்றி அந்தத் தொடர் எடுத்த நிலைப்பாடு, அந்தக் காலத்துத் தொலைக்காட்சிக்குப் பெரிய துணிச்சல். சாமியையும் கேலி செய்யாமல், அறிவையும் விட்டுக்கொடுக்காமல் கதையை நடத்திக்கொண்டு போவார்கள்.

இதற்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை. கவிதாலயாவின் யூடியூப் சேனலிலேயே இருக்கிறது. படத்தின் தெளிவு இன்றைக்குக் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். முதல் இரண்டு எபிசோட் பொறுத்துக்கொள், பிறகு கண்ணுக்குப் பழகிவிடும். மாப்பிள்ளையும் கூட உட்கார்ந்து பார்க்கட்டும். இரவில் தனியாகப் பார்க்காதே, அதுவும் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டவே வேண்டாம். அதே சேனலில் "ரமணி வெர்சஸ் ரமணி"யும் இருக்கிறது. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே பெயர், நாள் முழுக்கச் செல்லச் சண்டை. அதையும் நாகாதான் இயக்கினார். உடம்பு அசந்திருக்கிற நாளில் அதில் ஒன்றைப் போட்டுச் சிரித்துவிட்டுத் தூங்கு.

இப்போது தொடக் கூடாதவை இரண்டு. "சுழல்", "வதந்தி". இரண்டும் பிரைமில் 2022இல் வந்தவை, இரண்டும் அருமையான தொடர்கள். அதனால்தான் சொல்லிவைக்கிறேன், யாராவது பரிந்துரைத்தால் உடனே தொடங்கிவிடுவாய். "சுழல்" புஷ்கர், காயத்ரி இருவரும் எழுதியது. சிமெண்ட் தொழிற்சாலை எரிகிற இரவில் தொழிற்சங்கத் தலைவரின் மகள் காணாமல் போகிறாள். தேடல் ஒரு பக்கம், ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா மறு பக்கம், இரண்டையும் பின்னிப் பின்னிக் கொண்டுபோகிறார்கள். அங்காளம்மன் வேடமும் சுடுகாட்டுச் சாம்பலுமாக அந்தத் திருவிழாவை இவ்வளவு விரிவாக நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. பார்த்திபன், கதிர், ஐஸ்வர்யா ராஜேஷ், ஸ்ரேயா ரெட்டி எல்லோரும் பாத்திரமாகவே மாறியிருக்கிறார்கள். ஆனால் கதையின் அடியில் இருப்பது குழந்தைகளுக்கு நேரும் கொடுமை. இரண்டு மாதக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பார்க்கிற கதை அது இல்லை. பெற்றவளின் மனம் இந்த நாட்களில் எதற்கெடுத்தாலும் கலங்கும். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு வருடம் போகட்டும். 2025இல் இரண்டாவது சீசனும் வந்துவிட்டது, சேர்த்தே பார்த்துக்கொள்ளலாம்.

"வதந்தி" கன்னியாகுமரிப் பக்கத்தில் நடக்கிறது. வெலோனி என்ற இளம்பெண் கொலையாகிறாள். செத்துப்போன அவளைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எஸ்.ஜே. சூர்யா போலீஸ் அதிகாரி. வழக்கமான கத்தல் இல்லாமல் அடங்கி நடித்திருக்கிறார். ஒரு பெண் இறந்த பிறகும் ஊர் வாய் அவளை விடுவதில்லை என்பதை இவ்வளவு பொறுமையாகச் சொன்ன தொடர் தமிழில் வேறு இல்லை. இதுவும் பிறகுதான்.

"விலங்கு" மாப்பிள்ளைக்குப் பிடிக்கும். விமல் நடித்தது, ஏழு எபிசோட், ஜீ5தான். ஒரு காவல் நிலையத்தின் அன்றாடம் அச்சு அசலாக இருக்கிறது என்று உன் அப்பா இரண்டு தடவை பார்த்தார். எனக்கு அதில் அடி உதை அதிகம். "மெட்டி ஒலி"யை மறுபடி முதலிலிருந்து பார்க்கிறேன் என்று மட்டும் உட்கார்ந்துவிடாதே. எண்ணூறு எபிசோடுக்கு மேல், பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் ஓடும்.

பார்க்கிற முறையும் முக்கியம். ஒரு எபிசோட் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கும். அதை அமைப்புக்குள் போய் நிறுத்திவிடு. ஒரு இரவுக்கு ஒன்று போதும். குழந்தை தூங்கியதும் நீயும் தூங்க வேண்டும், கதையின் முடிச்சுக்காக விழித்திருக்காதே. திரை வெளிச்சத்தைக் குறைத்து, குழந்தையின் கண்ணில் படாமல் திருப்பி வைத்துக்கொள். ஒரு காதில் மட்டும் இயர்போன் வை, மறு காது குழந்தைக்கு வேண்டும். "அயலி"யை மட்டும் கைப்பேசியில் பார்க்காதே. ஞாயிற்றுக்கிழமை பகலில், குழந்தையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பெரிய திரையில் பார்.

நானும் உன்னோடு மறுபடியும் முதலிலிருந்து பார்க்கப்போகிறேன். நீ பார்க்கிற எபிசோடையே நானும் அன்றைக்குப் பார்ப்பேன். மறுநாள் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு நீ கூப்பிடும்போது பேசலாம். குருவம்மாள் இடத்தில் நீ இருந்திருந்தால் மகளின் ரகசியம் தெரிந்த அன்றைக்கு என்ன செய்திருப்பாய் என்று உன்னிடம் கேட்க வேண்டும். எனக்கு ஒரு பதில் இருக்கிறது, உன்னுடையதைக் கேட்ட பிறகு சொல்கிறேன்.

பூண்டும் சுக்கும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், வந்து சேர்ந்ததும் சொல். பேத்திக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா