லால்பாக் பாறையைக் காட்ட கல் தொழிலாளியையும் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு லால்பாக் தோட்டத்தில் உள்ள பாறையை நடந்து காட்டி விளக்கும் 'பாறை நடை' ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. அதற்கு என் பேத்தி பெயர் கொடுத்து, என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நல்ல காரியம்தான். நடத்துகிறவர்கள் காதுக்கு எட்டட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கெம்பே கௌடா கோபுரம் நிற்கும் அந்த மொட்டைப் பாறையில் தினமும் எத்தனையோ பேர் ஏறி இறங்குகிறார்கள். அது சுமார் 300 கோடி ஆண்டுப் பழசு, தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்பதெல்லாம் அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு அடித்தளமாக இருக்கும் இந்தக் கல்லுக்கு 'தீபகற்ப நைஸ்' (நைஸ் என்றால் பட்டை பட்டையாக வரியோடிய பாறை) என்று 1916-இல் பெயர் வைத்தவர், மைசூர் சமஸ்தானப் புவியியல் துறையில் இருந்த ஸ்மீத்.

வழிகாட்டி சின்னப் பையன். ஆனால் விஷயம் தெரிந்தவர். உட்கார்ந்து விரல் வைத்தே காட்டினார். வெளிர் பட்டையில் இருப்பவை குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமங்கள், கறுப்புப் பட்டையில் மினுங்குவது மைக்கா என்ற கனிமம். ஓரிடத்தில் அந்த வரிகளையெல்லாம் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. வரிகளை வெட்டிப் போவதால் கோடுதான் பிந்தி வந்தது என்றார். பேத்தி அதன்பிறகு கோடு தேடுவதிலேயே இருந்தாள்.

நான் பெங்களூரை அடுத்த ஜிகணியில் கிரானைட் பட்டறையில் ஸ்லாப் அறுத்து, பாலிஷ் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தவன். கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வரும் 'பாரடைசோ' கல்லுக்கு இப்படி வளைந்து ஓடும் வரிக்காகத்தான் விலை. அதுவும் நைஸ் வகைதான். வியாபாரத்தில் எல்லாமே கிரானைட்!

சரிவில் பாறை வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக உரிந்திருக்கிறது. மேலே இருந்த பாரம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்து போக, அழுத்தம் விட்டு உரிகிறது என்றார் வழிகாட்டி. இதையே எங்கள் பெரியவர்கள் தொழிலாகச் செய்தார்கள். பாறைமேல் விறகை வரிசையாக அடுக்கி எரித்து, நெருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். பின்னாலேயே ஒருவர் சுத்தியலால் தட்டிக்கொண்டு வருவார். ஒட்டியிருக்கும் இடம் கணீரென்று கேட்கும். விட்ட இடம் 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்கும். வெடிமருந்து இல்லாமலே பலகை பலகையாகக் கல் வந்துவிடும். இதை நான் சொன்னதும் கூட்டம் என் பக்கம் திரும்பிவிட்டது. வழிகாட்டி நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

பெங்களூரில் கல் உடைத்த, கொத்திய, இழைத்த தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு நடைக்கும் அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, பத்து நிமிடம் பேசவிட்டால் என்ன? போக்குவரத்துச் செலவையும் ஒரு டிஃபனையும் கொடுத்தால் போதும், சந்தோஷமாக வருவார்கள்.

இன்னொன்று. அன்று முழுக்க ஆங்கிலம், அதற்கு ஒரு கட்டணம் வேறு. தோட்ட வேலை செய்யும் பெண்கள் இருவர் பின்னால் நின்று பார்த்தார்கள். ஒன்றும் புரியாமல் போய்விட்டார்கள். அந்தப் பாறையைச் சுற்றித் தினமும் கூட்டிப் பெருக்குகிறவர்கள் அவர்கள். மாதத்தில் ஒரு நடையையாவது கன்னடத்திலும் தமிழிலும் இலவசமாக நடத்தலாம். பாறையில் காதலி பெயரைக் கீறும் வாலிபர்களையும் அதில் கூட்டிவந்து முன்வரிசையில் நிறுத்துங்கள்.

சென்னை வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பரங்கிமலையின் சார்னோகைட் கல்லும் இதே நினைவுச்சின்னப் பட்டியலில் இருக்கிறது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் அந்த வகைக் கல் என்பதால், ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தப் பெயரை வைத்தார். அங்கே யாராவது இப்படியொரு நடை தொடங்கினால் சொல்லுங்கள், சுத்தியலோடு வருகிறேன். படி ஏற மட்டும் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிரானைட் பட்டறை மேற்பார்வையாளர்,
வில்சன் கார்டன், பெங்களூரு