பள்ளி இணையக் கட்டணத்தைத் தனி மானியமாக வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்
பள்ளி மேலாண்மைக் குழுவினர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்
மாநிலத் திட்ட இயக்குநர் அவர்கள்,
ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி,
பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்,
கல்லூரிச் சாலை, சென்னை – 600 006.

பொருள்: இணையக் கட்டணத்தைப் பள்ளி மானியத்திலிருந்து பிரித்துத் தனியே வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பள்ளியில் 86 பிள்ளைகள் படிக்கிறார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். கணினி அறையும் திறன் வகுப்பறையும் வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. அரசுக்கு நன்றி. ஆனால் இரண்டும் ஓட இணையம் வேண்டும். அதற்கான பணத்துக்குத்தான் வழி தெரியவில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறோம். இணைப்புக்கு மாதம் 999 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,179 ரூபாய். ஆண்டுக்கு 14,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. இதைப் பள்ளியின் அன்றாடச் செலவுகளுக்கு வரும் ஒருங்கிணைந்த மானியத்திலிருந்துதான் கட்ட வேண்டும். 31 முதல் 100 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு அந்த மானியமே ஆண்டுக்கு 25,000 ரூபாய்தான். அதிலும் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு என்பது விதி. இணையக் கட்டணமும் அதுவும் போக மிச்சம் எட்டாயிரத்துச் சொச்சம். சாக்பீஸ், பதிவேடு, மின்விசிறி ரிப்பேர், குழாய் ரிப்பேர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அந்த மானியமும் தவணை தவணையாக, தாமதமாகத்தான் கைக்கு வருகிறது. போன கல்வியாண்டில் பாக்கி சேர்ந்துபோய் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததை நாங்களே பார்த்தோம். ஆறாம் வகுப்பு டீச்சர் தன் போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்து ஹாட்ஸ்பாட் போடுவார். அந்த இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அறிவியல் பாடத்தில் இதயம் துடிக்கிற படம் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது அழைத்தால் திரை அப்படியே நின்றுவிடும். காலையில் வருகைப்பதிவு, பிறகு மாணவர் விவரங்களை எமிஸ் இணையதளத்தில் ஏற்றும் வேலை என்று எல்லாவற்றுக்கும் அதே போன்தான். மதியத்துக்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். அந்த ரீசார்ஜ் செலவை டீச்சர் எங்களிடம் ஒருநாளும் கேட்டதில்லை. சம்பளத்திலிருந்து அவர் இப்படிக் கொடுப்பதை நாங்கள் வழக்கமாக்கிவிடக் கூடாது.

2025-26 ஒன்றிய பட்ஜெட்டில், ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுவரும் பாரத்நெட் திட்டத்தின் மூலம் கிராமப்புற அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு அகலக்கற்றை இணைப்பு தரப்படும் என்று அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு. ஆனால் தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் அதில் இல்லை. பாரத்நெட்டுக்குப் பணம் வருவது ஒன்றிய அரசின் டிஜிட்டல் பாரத் நிதியிலிருந்து. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை அதற்குச் செலுத்துகின்றன. நாங்கள் செய்கிற ரீசார்ஜும் அந்த வருவாயில் சேர்ந்ததுதானே? எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கு மட்டும் ஏன் பங்கு இல்லை?

ஆகவே, தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் இணையக் கட்டணத்தை ஒருங்கிணைந்த மானியத்தில் சேர்க்காமல், மாநில அலுவலகமே இணைய நிறுவனத்துக்கு நேரடியாகச் செலுத்த உத்தரவிட வேண்டுகிறோம். அது உடனே முடியாது என்றால், முழு ஆண்டுத் தொகையையும் ஜூன் மாதத்திலேயே தனித் தலைப்பில் விடுவித்தால் போதும். மானியம் வரத் தாமதமாகும் மாதங்களில் இணைப்பைத் துண்டிக்காதபடி நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். பாரத்நெட் அறிவிப்பில் எங்களைப் போன்ற பள்ளிகளையும் சேர்க்கச் சொல்லி ஒன்றிய அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்கவும் வேண்டுகிறோம்.

கட்டண ரசீதுகளின் நகலும் குழுக் கூட்டத் தீர்மான நகலும் இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் மற்றும் உறுப்பினர்கள்