வெள்ளையாக எழுவது புகை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்று மாசு பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதற்குப் போட்ட படம்தான் என்னை எழுத வைத்தது. இடை சிறுத்த பெரிய கோபுரங்கள், மேலே வெண்மேகம், கீழே 'நச்சுப் புகை கக்கும் அனல்மின் நிலையம்' என்று ஒரு வரி. அனல்மின் நிலையத்தில் டர்பைன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கோபுரத்துக்குள் புகை போவதே இல்லை. அது சூடான தண்ணீரை ஆறவைக்கும் கூலிங் டவர்.

நிலக்கரியை மாவாக அரைத்து, காற்றோடு உலைக்குள் ஊதி எரிக்கிறோம். அந்தச் சூட்டில் பாய்லர் குழாய்களில் ஓடும் தண்ணீர் நீராவியாகி, 540 டிகிரி வரை சூடேறி, டர்பைனைச் சுழற்றுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று. கூடவே சுழலும் ஜெனரேட்டரில் மின்சாரம் பிறக்கிறது. சரி, வேலை முடிந்த நீராவி? அதைக் கண்டென்சரில் குளிரவைத்து, மறுபடி தண்ணீராக்கி பாய்லருக்கே அனுப்ப வேண்டும். பெரிய இழப்பு இங்கேதான். எரித்த கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்று அதிகம்தான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதியைக் கண்டென்சரில் ஓடும் குளிர்நீர் வாங்கிக்கொள்கிறது.

சூடேறிய அந்த நீரைத்தான் கோபுரத்துக்குள் கொட்டவிட்டு ஆறவைக்கிறோம். அடியில் போய் நின்றால் அடைமழைச் சத்தம். பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. முதுகுப் பக்கமிருந்து காற்று உள்ளே இழுபடும், மூக்குக்கண்ணாடி முழுக்கச் சாரல். கொட்டும் நீரில் சிறு பங்கு ஆவியாகி, மேலே குளிர்ந்த காற்று பட்டு நுண்துளிகளாகிறது. படத்தில் இருந்த மேகம் அதுதான். கரியே எரிக்காத அணுமின் நிலையங்களிலும் இதே கோபுரத்தைப் பார்க்கலாம். கடல்நீரால் குளிர்விக்கும் அனல்மின் நிலையங்கள் பலவற்றில் கோபுரமே கிடையாது. அதனால் அங்கே எரிகிற கரி சுத்தமாகிவிடுமா?

பார்க்க வேண்டியது ஒல்லியாக உயர்ந்த புகைபோக்கியை. தங்கள் படத்தில் அது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நின்றது. சாம்பல் தூளை வடிகட்டும் கருவி ஒழுங்காக ஓடினால் அதன் வாயில் ஒன்றுமே தெரியாது. ஆனால் கந்தக டை ஆக்சைடுக்கும் கரியமில வாயுவுக்கும் நிறமில்லை. நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லித்தந்த பாடமும் இதே மாதிரிதான்: உயர் அழுத்த நீராவி கசிந்தால் சீறல்தான் கேட்கும், ஆவி கண்ணுக்குத் தெரியாது, கசிவைத் தேடக் கையை நீட்டாதே, துடைப்பக் கட்டையை நீட்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கந்தகத்தைச் சுண்ணாம்புக்கல் கரைசலால் கழுவி எடுக்கும் அமைப்பு உண்டு. அது ஓடும்போது புகைபோக்கியிலிருந்தும் பெரும்பாலும் வெள்ளையாக ஆவி எழும். வெள்ளை என்றாலே நஞ்சு என்று படம் போட்டுப் பழக்கினால், கழுவும் நிலையத்தைப் பார்த்து மக்கள் பயப்படுவார்கள், கழுவாத நிலையம் தப்பித்துக்கொள்ளும். எனக்கு மனம் பொறுக்காதது இதுதான்.

அடுத்த முறை புகைபோக்கியின் படத்தையே போடுங்கள். கந்தகம் நீக்கும் அமைப்பு அங்கே இருக்கிறதா, தினமும் ஓடுகிறதா என்று நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள். புகைபோக்கியில் பொருத்திய கருவிகள் காட்டும் அளவுகளையும் கேட்டு வாங்கி, படத்துக்குக் கீழேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்பைன் பிரிவுப் பொறியாளர்